ஆற்றைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று: பாபநாசம் முதல் உவரி வரை, குறைந்த செலவில்

பாளைக்காரன்

சொந்த ஊர் பாளையங்கோட்டை, பிழைப்பு கோவையில். பொங்கல் முடிந்த கையோடு வீட்டம்மாவும் நானும் ஊர்ப்பக்கம் ஒரு சுற்று சுற்றலாம் என்று இருக்கிறோம். அண்ணன் வீட்டில் பழைய 100 சிசி வண்டி ஒன்று தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. அதுதான் வாகனம். தங்கல், சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு 1,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது வீட்டம்மா போட்ட சட்டம்.

பாபநாசம், கிருஷ்ணாபுரம், திருச்செந்தூர் எல்லாம் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வேனில் போய்ப் பார்த்தவைதான். ஆனால் நான்குவழிச் சாலையிலும் பெரிய ரோட்டிலும் போய் இறங்கி, பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பியதால் நடுவில் இருக்கிற ஊர் ஒன்றுகூடத் தெரியாது. இந்த முறை தாமிரபரணி போகிற வழியிலேயே கீழே இறங்கி, கடல் வந்ததும் தெற்கே திரும்பி, நாங்குநேரி, களக்காடு வழியாகத் திரும்ப ஆற்றுக்கே வருவது என்று கோடு போட்டிருக்கிறேன். எதைச் சேர்க்கலாம், எதை வெட்டலாம்? அல்வா எந்தக் கடையில் வாங்குவது என்ற சண்டை மட்டும் வேண்டாம். அது தனி இழை.

கீழரதவீதி

குற்றாலத்தைச் சேர்க்காமல் ஒரு நெல்லைச் சுற்றா? ஐந்தருவியும் பழைய குற்றாலமும் இல்லாமல் என்ன பயணம்?

பாளைக்காரன்

குற்றாலம் 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் திருச்செந்தூரும் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்றே. உண்மைக் காரணம் வேறு. கார்த்திகையிலிருந்து தை முதல் வாரம் வரை அங்கே ஐயப்பன்மார் கூட்டம், அறை வாடகை அதற்கேற்ற மாதிரி. சாரல் காற்றும் கிடையாது. ஆனி, ஆடியில் போய்க் குளித்தால்தான் அது குற்றாலம்.

அணைக்கட்டுக் கணக்கு

ஆற்றோடு போகிறேன் என்கிறீர்கள், சந்தோஷம். அப்படியானால் அணைக்கட்டுகளைக் கணக்கில் வையுங்கள். மேலேயிருந்து கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு. கடைசியில் சொன்ன ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில், 19-ம் நூற்றாண்டில் வந்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே இருந்தவை. ஒவ்வொரு அணைக்கட்டிலிருந்தும் வாய்க்கால் பிரிகிறது, அந்த வாய்க்கால் போய்ச் சேரும் குளங்கள், குளத்துக்குக் கீழே வயல். நீங்கள் பார்க்கப் போகிற பச்சை எல்லாம் அந்த வாய்க்கால் போட்ட பச்சைதான். தை மாதம் பிசான நெல் நிற்கும், நல்ல நேரத்தில் வருகிறீர்கள்.

மருதூர் அணைக்கட்டில் கட்டாயம் நில்லுங்கள். ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கட்டாமல், பாறை போன போக்கில் வளைத்து வளைத்துக் கட்டியிருப்பார்கள். அதன் நீளமே ஒரு கிலோமீட்டருக்கு மேல். அடையாளப் பலகை, பார்க்கிங், டிக்கெட் எதுவும் இல்லாத இடம்.

பாளை மருமகள்

பெண்கள் பக்கத்திலிருந்து சில விஷயம். முதலில், தேதியைப் பாருங்கள் அண்ணாச்சி. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் நடுவில் திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். பச்சை உடுத்திக்கொண்டு இராத்திரி முழுக்க ரோட்டோரம் நடப்பார்கள். இருட்டிய பிறகு அந்த ரோட்டில் வண்டி ஓட்டாதீர்கள், உங்களுக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காக. பூசத்துக்கு முந்தின இரண்டு மூன்று நாள் அறையும் கிடைக்காது, கிடைத்தால் உங்கள் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும். பூசம் கழிந்து ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள்.

இரண்டாவது, தினம் ஓர் ஊரில் தங்காதீர்கள். அம்பாசமுத்திரத்தில் ஓர் அறை, கடல் பக்கம் ஓர் அறை, போதும். பெட்டியை வைத்துவிட்டு வெறுங்கையோடு சுற்றலாம், துணி துவைத்துக் காயப்போடலாம். அம்பையில் தேரடிப் பக்கம் சாதாரண லாட்ஜ்களில் வார நாட்களில் 700, 800-க்குக் கிடைக்கும். அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, அப்புறம் காசைக் கொடுங்கள்.

மூன்றாவது, பெட்ரோல் பங்க் கழிவறையை நம்புங்கள், கோயில் பக்கத்துக் கழிவறையை நம்பாதீர்கள்.

பழைய கிளீனர்

தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வண்டி என்றால் முதலில் டியூபையும் பிரேக் ஷூவையும் மாற்றுங்கள். செயினுக்கு எண்ணெய். நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி, திசையன்விளைப் பக்கம் ரோட்டோரம் முழுக்க உடைமரம். ஆடு மேய்க்கிறவர்கள் வெட்டிப் போட்ட முள் ரோட்டுக்கு வந்துவிடும். ஒரு டியூப் கையில் இருக்கட்டும், அங்கே பஞ்சர் கடை ஊருக்கு ஊர் கிடையாது.

காற்றுக்குப் பயப்பட வேண்டாம். ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் வண்டியை ஆளோடு தள்ளும். காற்றாலையை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? தையில் அது பாதிகூட இருக்காது.

ஊத்துப் பேரன்

மாஞ்சோலை பற்றி யாரும் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா பாட்டி அங்கே மலைமேல் ஊத்து தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் தேயிலைக் கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு அது. கணக்குப்படி 2028-ல் முடியவேண்டியது. 2024-லேயே வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நாலு தலைமுறை இருந்த லைன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே வந்தவர்கள் பலபேர் இன்றைக்குக் கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு பக்கம் வாடகை வீட்டில்.

ஏன் சொல்கிறேன் என்றால், "ஆளில்லாத அழகான மலை" என்று படம் போடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆளில்லாமல் போனது எப்படி என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. வனத்துறை அனுமதி, நேரக் கட்டுப்பாடு எல்லாம் அடிக்கடி மாறும். மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் கேட்காமல் திட்டம் போடாதீர்கள். பைக்கில் மாஞ்சோலை என்பதை மறந்துவிடுங்கள்.

கீழரதவீதி

நல்லபடியாகப் போகிற இழையில் சோகம் எதற்கு?

ஊத்துப் பேரன்

சோகம் சொல்லவில்லை அண்ணே, வழி சொன்னேன்.

தேரிக்காட்டான்

திருச்செந்தூர் தாண்டியதும் எங்கள் ராஜ்ஜியம். குதிரைமொழித் தேரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காயாமொழிப் பக்கம் ரோட்டிலிருந்தே தெரியும், செக்கச்செவேலென்று மணல் மேடு, நடுவில் பனையும் முந்திரியும். காற்று அடிக்க அடிக்க மேடு இடம் மாறும். வண்டியை ரோட்டிலேயே நிறுத்துங்கள். மணலுக்குள் விட்டால் சக்கரம் முக்கால்வாசி இறங்கிவிடும், தூக்க நாலு பேர் வேண்டும், அங்கே நாலு பேர் இருக்கமாட்டார்கள்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்குவதற்கு ஒரு வார்த்தை. பதனீர்ப் பருவம் மாசி, பங்குனிக்கு மேல்தான் ஆரம்பம். தையில் கிடைப்பது போன வருடச் சரக்கு. அதில் குற்றமில்லை, புகை போட்டுப் பத்திரமாக வைத்த பழைய கருப்பட்டிதான் காப்பிக்கு ருசி. உடைத்துப் பாருங்கள். உடைத்த வாயில் சீனி மாதிரிப் பொடிப்பொடியாக மினுங்கினால் அது சீனிதான். நல்ல கருப்பட்டி உள்ளே மங்கலாக இருக்கும், நாக்கில் வைத்தால் லேசாக உப்புத் தட்டும். விலை ரொம்ப மலிவாகச் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள். பதனீர் இறக்கிக் காய்ச்சுகிறவனுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

தையில் வருவதில் ஒரு லாபம், பனங்கிழங்கு. மஞ்சள் போட்டு அவித்தது, கட்டுக்கட்டாக ரோட்டோரம் வைத்திருப்பார்கள்.

பாளைக்காரன்

போய்விட்டு வந்தாயிற்று. மொத்தமாக எழுதினால் நீளும், ஆனாலும் எழுதுகிறேன். பூசம் கழிந்துதான் புறப்பட்டோம்.

அம்பையில் அறை. பாபநாசத்துக்குக் காலை ஆறரைக்கே போய்விட்டோம். படித்துறையில் எங்களைத் தவிர உள்ளூர்க்காரர்கள் ஐந்தாறு பேர், தண்ணீர் பளிங்கு. ஆனால் படியில் காலை வைத்ததும் காலில் சுற்றியது ஒரு சேலை. பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. கரையில் ஈரத்துணிக் குவியல். பாவத்தை ஆற்றில் விடுகிறார்களோ இல்லையோ, பாலியெஸ்டரை விடுகிறார்கள்.

காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனோம். ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்கும் கூட்டத்தை மட்டுமே பார்த்திருந்த எனக்கு, யாருமில்லாத அந்த இடம் புது ஊர் மாதிரி இருந்தது.

அடுத்து ஆற்றோடு கீழே. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், அதைத் தனியாக எழுத ஒன்றுமில்லை, வாங்கினோம். வீரவநல்லூரில் திரும்பித் திருப்புடைமருதூர். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். நாறும்பூநாதர் கோயில் கோபுரம் ஐந்து நிலை. கோயில் ஆளிடம் பணிவாகக் கேட்டோம், அவருக்கு நேரம் இருந்ததால் கூடவே வந்து திறந்துவிட்டார். உள்ளே குறுகலான மரப்படி. ஒவ்வொரு நிலையிலும் மரத்தூண், மர உத்தரம், எல்லாவற்றிலும் செதுக்கு வேலை. சுவர் முழுக்க ஓவியம். கைவிளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு கப்பல், கப்பலுக்குள் வரிசையாகக் குதிரைகள், தாடி வைத்த வியாபாரிகள். அரபு நாட்டிலிருந்து குதிரை வந்து இறங்கிய காலத்தை அப்படியே வரைந்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் யானைப்படை, சண்டை. கடலே தெரியாத ஊரில் கோபுரத்துக்குள் கப்பல்! வீட்டம்மா மூன்றாம் நிலையிலிருந்து இறங்க மனமில்லாமல் நின்றார். நாங்கள் இறங்கி வந்தால், கோயிலைச் சுற்றி நிற்கும் மருத மரங்களில் நாரைகள். ஊர்க்காரர்கள் பாதுகாத்து வந்த இடத்தை 2005-ல் பறவைகள் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். உள்ளே லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அக்கரையில் நின்று கருவூர்ச் சித்தர் கூப்பிட்டதைக் கேட்கச் சாமி தலையைச் சாய்த்தார் என்பது தலபுராணம்.

பத்தமடையில் பாய். ஒரு வீட்டுத் திண்ணையில் நின்று கேட்டோம், உள்ளே கூப்பிட்டுத் தறியைக் காட்டினார்கள். ஊறப்போட்டு நாராகக் கிழித்த கோரை, பாவு பருத்தி நூல். ஓர் அம்மா நீளமான குச்சியில் கோரையைக் கோத்து ஊடே செலுத்த, இன்னோர் அம்மா பலகையால் இழுத்துத் தட்டினார். ஒரு விரல் அகலம் ஏறுவதற்குள் நாங்கள் காப்பி குடித்து முடித்திருந்தோம். பட்டுப்பாய் விலை எங்கள் பட்ஜெட்டில் பல நாள் செலவு. கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரையும் நெய்து தருகிறார்கள். நாங்கள் சாதாரண ஒற்றைப் பாய் ஒன்றை வாங்கி வண்டியில் கட்டினோம். அதன் பிறகு மதியத் தூக்கத்துக்கு எந்த மரத்தடியும் லாட்ஜ்தான்.

மருதூர் அணைக்கட்டு: அண்ணாச்சி சொன்னது சரி. அரைநாள் போனதே தெரியவில்லை.

கிருஷ்ணாபுரம் மட்டும் கொஞ்சம் ஏமாற்றம், சிலையால் இல்லை. தூணிலிருக்கும் குறத்தியின் விரல் நகமும், வீரபத்திரர் தாடி முடியும் முன்பு பார்த்தபடியே இருக்கின்றன. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வேன் கூட்டம், எல்லாரும் சிலையைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்கிறார்கள். சொன்னால் முறைக்கிறார்கள்.

பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர், நான் சின்ன வயதில் பார்த்தபோது வெறும் பரம்பு, ஒரு பலகை. 1876-ல் ஜெர்மன்காரர் யாகோர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோனதும், பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் கிடைத்த தங்க நெற்றிப்பட்டங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனதும் படித்துத் தெரிந்தவை. இப்போது தோண்டிய குழியை மூடாமல், தாழிகளை இருந்த இடத்திலேயே வைத்து, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். 2023-ல் திறந்தது. கண்ணாடியில் நின்று குனிந்தால் காலுக்கு நேர் கீழே தாழியின் வாய்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

அணைக்கட்டுக் கணக்கு

ஸ்ரீவைகுண்டம் பக்கம் 2023 டிசம்பர் வெள்ளத்தின் தடம் இன்னும் தெரிகிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஆற்றில் அணை விட்ட தண்ணீரும், உடைந்த குளத்துத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் அவ்வளவு நாசம்.

பாளைக்காரன்

தெரிகிறது. சில ஊர்களில் வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் சேற்றுக்கோடு, வெள்ளையடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு டீக்கடைக்காரர் கோட்டைக் காட்டி, "கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதான் விட்டுவைத்தேன்" என்றார்.

சரி, மிச்சக் கதை. திருச்செந்தூரில் கடல் குளியல், நாழிக்கிணறு, இலைச் சாப்பாடு. மணப்பாட்டில் மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே கடலோரம் 1542-ல் வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. மாலை நாலு மணி வெயிலில் மேட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, நடுவில் ஊர்.

இடையன்குடி புதிதாகக் கண்டுபிடித்த ஊர். கால்டுவெல் 1841-ல் வந்து சேர்ந்த இடம். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று பாடத்தில் படித்த பெயர், இங்கே ஊர்க்காரர்களுக்குத் தெரு போட்டுக் கொடுத்தவர். தெருக்கள் இன்றைக்கும் கோடு பிடித்த மாதிரி நேர். பனையேறிகள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்த வீடு இன்னும் நிற்கிறது.

உவரியில் அந்தோணியார் கோயில், கப்பல் வடிவ மாதா கோயில், நாலு எட்டில் சுயம்புலிங்கசுவாமி. மூன்று இடத்திலும் ஒரே குடும்பத்தைப் பார்த்தோம், எதையும் விடவில்லை அவர்கள்.

பழைய கிளீனர் வாக்குப் பலித்தது. மூலைக்கரைப்பட்டிக்கு முன்னால் பின்சக்கரத்தில் முள். வழியே வந்த பால்காரர் ஒருவர் நிறுத்தி, கேனை இறக்கி வைத்துவிட்டு டியூப் மாட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, கூந்தன்குளம் போகிறோம் என்றதும், "குளத்துக்குப் போகாதீங்க, ஊருக்குள்ள போங்க" என்றார்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சரணாலயக் கோபுரத்தில் ஏறினால் பூநாரை தூரத்தில் வெள்ளைப் புள்ளிதான். ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் நின்ற வீட்டில் பாட்டி கோலம் போடும் இடத்துக்கு மேலேயே ஒரு கூடு. குச்சி விழுகிறது, எச்சம் விழுகிறது, பாட்டி பெருக்குகிறார், திட்டவில்லை. பறவை வராத வருடம் மழையில்லாத வருடம் என்பது அவர்கள் கணக்கு. தீபாவளிக்கு வெடி கிடையாது. குளத்து வண்டல் வயலுக்கு உரம்.

திருக்குறுங்குடியில் சாயரட்சை நேரம், களக்காடு வழியாகச் சேரன்மகாதேவி, மறுபடி ஆறு.

செலவு: பெரும்பாலான நாள் 1,500-க்குள். திருச்செந்தூரில் மட்டும் தாண்டியது. வண்டி லிட்டருக்கு 55 கொடுத்ததால் பெட்ரோல் செலவு சாப்பாட்டைவிடக் குறைவு. பெரிய ரோட்டில் போயிருந்தால் ஹோட்டல் பெரிய ஹோட்டலாகத்தான் இருந்திருக்கும். உள்ரோட்டில் நாலு இட்லி, சாம்பார், கருப்பட்டிக் காப்பி, இரண்டு பேருக்கும் நூறு ரூபாய் தாண்டவில்லை.

கீழரதவீதி

எல்லாம் சரி, நவதிருப்பதியில் ஒன்றுகூடப் போகாமல் அந்த ரோட்டில் போனீர்களா? ஆழ்வார்திருநகரியில் உறங்காப்புளி மரத்தடியில்கூட நிற்கவில்லையா?

பாளைக்காரன்

ஆழ்வார்திருநகரியில் நின்றோம் அண்ணாச்சி. நம்மாழ்வார் பிறந்த ஊரைத் தாண்டிப் போக முடியுமா? ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கும் வேன்காரர்கள் வேகத்தைப் பார்த்ததும் மற்ற எட்டை விட்டுவிட்டேன். நவகைலாயமும் அப்படியே, வழியில் வந்ததை மட்டும் பார்த்தோம்.

கீழரதவீதி

வழியில் வந்தது மட்டும் என்றால் புண்ணியமும் அவ்வளவுதான்.

புதுவரவு

அக்காவும் நானும் மட்டும், வண்டி ஓட்டத் தெரியாது. இதைப் பஸ்ஸில் செய்யலாமா? சித்திரை விடுமுறையில்தான் நேரம்.

பாளை மருமகள்

தாராளமாக. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது, 2021-லிருந்து. அம்பை, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் நான்கையும் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். திருப்புடைமருதூருக்குப் பஸ் குறைவு, வீரவநல்லூரில் இறங்கியதும் திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். சித்திரை வெயிலில் பதினொன்றுக்கு மேல் வெளியே சுற்றாதீர்கள். கூந்தன்குளத்தில் அப்போது குஞ்சுகள் வளர்ந்து நிற்கும், நல்ல காட்சி.

தேரிக்காட்டான்

சித்திரையில் வருகிறீர்கள் என்றால் பனங்கிழங்கு இல்லை, பதனீர் உண்டு. ஆனால் காலையில் ஏழு, ஏழரைக்குள் உடன்குடிப் பக்கம் வந்துவிடவேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதா என்று கேட்டுவிட்டு, ஓலைப்பட்டையில் வாங்கிக் குடியுங்கள், நுங்கு போட்டுத் தரச் சொல்லுங்கள். திருச்செந்தூரில் இராத்திரி தங்கினால் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து மதியம் விற்பதை மட்டும் வாங்காதீர்கள் தங்கச்சி.